ரங்கி சொல்லாமல் விட்டது

சிறுநீரகப் பிரிவில் செங்கமலம்தான் குரு. வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த சீடர் ஜெபராஜுக்கு ஐம்பத்திரண்டு. மலையில் இருபது வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு, மறுபடியும் படிக்க வந்தவர்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மலையில் ஜெபராஜுக்குக் கண்டதெல்லாம் சிக்கிள் செல் எனும் பரம்பரை ரத்த நோய். அங்கே அவரிடம் வைத்தியம் பார்த்த ரங்கிக்கும் அது பிறவியிலிருந்தே உண்டு.

அந்த ரங்கி கால் வீங்கி இங்கே வந்து சேர்ந்தாள். சிறுநீரகத் திசுவை எடுத்துச் சோதித்த பயாப்சியில் இன்னொரு நோயும் தெரிந்தது. லூபஸ்; உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். சிறுநீரகம் பாதி போயிருந்தது.

"மூட்டுவலி, ரத்தசோகை, சிறுநீர்ல புரதம். எல்லாம் சிக்கிளாலதான்னு ஒரு வருஷம் இருந்துட்டேன் மேடம். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?" என்றார் ஜெபராஜ்.

செங்கமலம் நேராக ரங்கியின் வார்டுக்கு நடந்தார். ஜெபராஜும் பின்னால் போனார்.

"ரங்கி, வலியைத் தவிர வேற என்னம்மா பண்ணுச்சு?"

ரங்கி ஜெபராஜைப் பார்த்தாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முடி கொத்துக்கொத்தா கொட்டுச்சுங்க. வெயில்ல போனா மூஞ்சி செவந்து எரியும். வாயெல்லாம் புண்ணு."

"அப்பவே டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"முடி கொட்டுறத ஒருக்கா சொன்னேன். 'இவ்ளோ பெரிய நோய வச்சுக்கிட்டு முடியப் பத்திக் கவலையா'ன்னு சிரிச்சாரு. வரிசையில நின்னவங்களும் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. மத்தத எதையும் சொல்லல." பிறகு அவசரமாகச் சேர்த்தாள். "டாக்டரு நல்லவருங்க. நான்தான் நேரங்காலம் தெரியாம சொல்லிட்டேன்."

ஜெபராஜுக்கு அந்தச் சிரிப்பு நினைவில்லை. அதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அவமானத்தில் காது சுட்டது.

வராந்தாவுக்கு வந்ததும், "முடி, வெயில், வாய்ப்புண் மூணும் லூபஸோட அடையாளம் சார், சிக்கிள்ல வராது" என்றார் செங்கமலம்.

"இந்தக் கேஸை வேற யாருக்காவது மாத்திடுங்க மேடம். அந்தம்மா முகத்துல முழிக்க முடியல."

"மாத்தினா, தான் சொன்னதுல உங்களுக்குக் கோபம்னு நினைச்சுப்பாங்க. அடுத்த டாக்டர்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டாங்க. மிச்சமிருக்கிற சிறுநீரகமும் போயிடும்."

ஜெபராஜ் வார்டுப் பக்கம் திரும்பினார்.

"போய் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டா இந்த வெக்கம் போயிடுமா மேடம்?"

"உங்களுது போகுமான்னு எனக்குத் தெரியாது சார். அவங்களுது போகும்."