நாற்பத்தோராவது தப்பு

"பிணம் மூச்சு விடுதும்மா!"

சம்பந்தம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் நோட்டு. வந்த வேகத்தில் செருப்பைக்கூட வெளியே விடவில்லை.

எடிட்டர் ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உட்காருங்க சார்" என்றாள்.

"எப்படிம்மா உட்கார்றது? பிணம் மூச்சு விடுது. இருபத்தெட்டு வருஷமா ஊரே பார்த்துட்டுச் சும்மா இருந்திருக்கு."

"காபி சாப்பிடறீங்களா?"

"வேணாம்."

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு முப்பத்தாறு. இடம், சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. ஆசிரமத்துக்குரிய குளிர்ச்சிக்கு ஒரு ஏசி இருந்தது. அதுவும் மூலையில் வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

சம்பந்தம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். தினமும் எட்டு கிலோமீட்டர் குனிந்தபடியே நடந்து, எங்கே விரிசல் விட்டிருக்கிறது, எங்கே ஆணி கழன்றிருக்கிறது என்று தேடுகிற வேலை. முப்பத்தோரு வருடத்தில் அவர் நடந்த பாதையில் ஒரு ரயில்கூடத் தடம் புரளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. போன ஆடியில் மனைவி செண்பகமும் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் இந்த நோட்டு வந்தது.

காலையில் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்காருவார். கொலைப் படம், துப்பறியும் படம் மட்டும் பார்ப்பார். கொலைகாரன் யார் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. மேஜைமேல் முழு டம்ளர் டீ இருக்கும், அடுத்த ஷாட்டில் அரை டம்ளராகும், அதற்கடுத்த ஷாட்டில் மறுபடியும் முழு டம்ளர். அதை எழுதிக்கொள்வார். எழுதியதை அந்தப் படத்தின் எடிட்டருக்குத் தபாலில் அனுப்புவார்.

பல பேருக்கு அனுப்பினார். பதில் போட்டது ரெஜினா ஒருத்திதான்.

'பதினேழு தப்பும் சரி. ஒன்றை விட்டுவிட்டீர்கள். நேரில் வாருங்கள்.'

வந்தார். சுவரில் விழுந்திருந்த கேமராவின் நிழலைக் காட்டினாள். சம்பந்தம் அதையே ஐந்து நிமிடம் பார்த்தார். தன் கண்ணை ஜெயிக்க ஒரு கண் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அன்று முதல் அவள்தான் குரு.

குருவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தப்பே இல்லாத படம்னு ஒண்ணு இருக்காம்மா?"

"எதுக்கு சார்?"

"இருந்தா அதைப் பார்த்துட்டு நோட்டை மூடிடுவேன். ராத்திரி தூக்கம் வரும்."

ரெஜினா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது அவள் கையில் இருப்பது ஒரு பழைய கொலைப் படம். மறுபடியும் தியேட்டருக்கு வரப்போகிறது. கீறலைத் துடைத்து, நிறத்தைச் சரிபண்ணி, புதிதாக்கிக் கொடுக்க வேண்டும். தப்பு பார்க்கிற வேலையைச் சம்பந்தத்திடம் விட்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மாடிப்படி ஏறும்போது மீசை அடர்த்தி, இறங்கும்போது பென்சில் கோடு. கொட்டுகிற மழையில் ஓடிவந்த சாட்சி, காய்ந்த சட்டையோடு ஸ்டேஷனுக்குள் நுழைகிறான். வேலைக்காரனுக்குப் புருவத்துக்கு மேல் காயம். கோர்ட்டுக்கு வருவதற்குள் காயம் இடமிருந்து வலத்துக்குக் குடிமாறிவிடுகிறது. கதை நடக்கிற வருடம் எழுபத்தெட்டு. மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா.

ஆன்டெனாவை ரெஜினா அழித்துவிட்டாள். காயத்தை இடம் மாற்றினாள். மீசையில் கை வைக்கவில்லை.

"அதை விட்டுடுங்க சார். அந்த மீசைக்கு ரசிகர் மன்றமே இருந்துச்சு."

சம்பந்தம் முணுமுணுத்துக்கொண்டே போனார். இப்படி நாற்பது தப்பு முடிந்தது. நாற்பத்தோராவதுதான் இன்றைக்கு அவரை ஓட வைத்தது.

கொலையான டீச்சர் கூடத்தில் மல்லாந்து கிடக்கிறாள். பதினோரு விநாடி. ஏழாவது விநாடியில் அவளுடைய நெஞ்சின்மேல் கிடக்கிற புடவைத் தலைப்பு கொஞ்சம் உயர்கிறது. பிறகு தாழ்கிறது.

"படம் எத்தனை மணிக்குப் போகுது?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு."

"இப்ப மணி நாலேகால். அந்த மூச்சை நிறுத்திடுங்கம்மா."

"நிறுத்தலாம். ஒரு பட்டனைத் தட்டினாப் போதும்."

"அப்ப தட்டுங்க."

"தட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்தம்மா என்ன பண்ணியிருக்கணும்?"

"என்ன பண்ணியிருக்கணுமா? மூச்சைப் பிடிச்சிட்டுக் கிடந்திருக்கணும். பதினோரு செகண்ட். பிணமா நடிக்க வந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

ரெஜினா நாற்காலியைத் திருப்பினாள்.

"படுங்க."

"என்னம்மா?"

"கீழ படுங்க சார். பிணமா."

சம்பந்தம் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. குரு சொன்னால் சொன்னதுதான். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, வேட்டியை ஒழுங்குபண்ணிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார்.

"கண்ணாடியைக் கழட்டிடுங்க. நான் சொன்னதும் மூச்சைப் பிடிங்க."

அவள் எழுந்து வந்து செல்போனில் மேலிருந்து படம் பிடித்தாள். பதினோரு விநாடி.

"எந்திரிங்க. பார்க்கலாம்."

சம்பந்தம் வெற்றியோடு எழுந்தார். மூச்சு ஒரு துளிகூட வெளியே விடவில்லை. அவருக்கே தெரியும்.

அவள் அதைப் பெரிய திரையில் போட்டாள். அவரே மல்லாந்து கிடந்தார். நெஞ்சு அசையவில்லை. கண் அசையவில்லை. சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழக்க தோஷத்தில் குனிந்து தேடினார். மூன்றாவது விநாடியில் பிடித்துவிட்டார்.

"கழுத்துல என்னம்மா துடிக்குது?"

"நீங்கதான்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னொரு தடவை எடுங்க" என்றார். கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

இந்தத் தடவை சட்டைப் பையில் இருந்த பேனா காட்டிக்கொடுத்தது. பேனாவின் மூடி ஆடியது. ஒரு சீராக, விடாமல், யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் தடவை பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தார். இமை நடுங்கியது. வயிறு அதன்பாட்டுக்கு ஒரு சத்தம் போட்டது.

நான்காம் தடவை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, முதலில் எடுத்ததைத் திரையில் மறுபடியும் போடச் சொல்லி, துடிக்கிற தன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா."

"ஆமா சார்."

"நிறுத்துன்னு சொல்லியும் நிக்கல."

"ஆமா."

"அறுபத்து மூணு வருஷமா இப்படியேவா அடிச்சிட்டிருக்கு? நான் தண்டவாளத்துல நடந்தப்ப, தூங்கினப்ப, எல்லாம்?"

அவருக்குப் பயமாக இருந்தது. பயம் என்றும் சொல்லிவிட முடியாது. கோயிலில் திரை விலகி தீபாராதனை காட்டும்போது உடம்பு சிலிர்க்குமே, அது. விரலைக் கழுத்தில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

ரெஜினா செல்போனைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"தப்பே இல்லாம, துளிகூட அசையாமக் கிடந்த யாரையாவது பார்த்திருக்கீங்களா சார்?"

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றியது.

வாளியில் தண்ணீர் சொட்டியது.

"செண்பகம்" என்றார் சம்பந்தம்.

ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியில வெள்ளைத் துணியைப் போர்த்திட்டாங்க. வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்."

கழுத்திலிருந்து விரலை எடுக்காமலே பேசினார்.

"அஞ்சாறு மாசமா சொல்லிட்டே இருந்தாம்மா. மாடி ஏறினா மூச்சு வாங்குது, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு. தண்டவாளத்துல தலைமுடி மாதிரி விரிசல் இருந்தாலும் நான் விட்டதில்ல. இதை விட்டுட்டேன்."

"அந்த ஒரு மணி நேரம் என்ன பண்ணினீங்க?"

"அந்தத் துணியையே பார்த்துட்டிருந்தேன். நெஞ்சு இருக்கிற இடத்தை. ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிடாதான்னு. டாக்டர் சொன்னது தப்பா இருந்துடாதான்னு. கண்ணைச் சிமிட்டலம்மா. சிமிட்டற நேரத்துல அது நடந்து நான் பார்க்காம விட்டுட்டா?"

கழுத்திலிருந்த விரலை எடுத்தார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு தப்புகூட இல்ல."

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. துடைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினாள். மணி நாலே முக்கால்.

படத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

"வாங்க சார். அஞ்சு மணிக்கு அனுப்பணும்."

சம்பந்தம் கையை ஊன்றி எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரை முன்னால் குனிந்தார்.

டீச்சர் கூடத்தில் மல்லாந்து கிடந்தாள். மேலே மின்விசிறியின் நிழல் சுற்றியது. நாலு. அஞ்சு.

"நிறுத்திடவா?" என்று கேட்டாள் ரெஜினா. அவள் விரல் பட்டன்மேல் இருந்தது.

ஆறு.

ஏழு.

புடவைத் தலைப்பு மெல்ல உயர்ந்தது.

"கையை எடுங்கம்மா" என்றார் சம்பந்தம். "மூச்சு விடறா."