பல்லி வாயில் போன குரல்கள்

அந்தக் காலத்தில் மனிதர் உடம்புக்குள் இருப்பவை எல்லாம் வாய்விட்டுப் பேசும். பசிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்காது. எலும்பு தனக்கு வேண்டியதைக் கேட்கும், இரத்தம் தனக்கு வேண்டியதைக் கேட்கும். எலும்பின் குரல் மூங்கிலோடு மூங்கில் உரசுவது போல இருக்கும். இரத்தம், பானைக்குள் அகப்பட்ட வண்டு போல ரீங்கரிக்கும். கண்ணுக்குக் கொசுவின் குரல். சதைக்குச் சளி பிடித்த ஆளின் கரகரப்பு. ஆடுமாடும் பல்லியும் பேசிய காலம்தான்; ஆனாலும் அவை இவ்வளவு பேசியதில்லை.

பேராயிக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. அவள் புருஷன் ஆட்டுக்கிடையோடு மலைப்பக்கம் போனால் அறுப்புக்குத்தான் திரும்புவான். வீட்டில் அவளும் மகள் வஞ்சியும் மட்டும். வஞ்சியை நாத்தனார் வேலாத்தாள் வீட்டுக்கு மருமகளாக அனுப்ப வேண்டும் என்பது பேராயியின் ஆசை. அங்கே மூன்று வேளையும் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிச் சோறு. அந்த வீட்டுக்குப் போகிறவள் கூழ் குடித்து வளர்ந்தவள் என்று பேர் வரக் கூடாதே! அதனால் கேழ்வரகு போட்ட வயலிலும் நெல்லையே நட்டாள். வஞ்சிக்குப் பொழுதெல்லாம் வெள்ளைச் சோறும் புளித்தண்ணீரும்தான்.

“கேப்பைக் கூழ் எங்கே?” என்று வஞ்சியின் முழங்காலிலிருந்து சத்தம் வரும்.

“முருங்கைக்கீரை, முருங்கைக்கீரை” என்று மணிக்கட்டில் இரத்தம் ரீங்கரிக்கும்.

“மஞ்சள் பூசணியைக் கண்ணால பாத்து எத்தனை நாளாச்சு!” என்று கண்ணே குறைபட்டுக்கொள்ளும்.

“ஒரு பிடி பயறு அவிச்சா உன் சொத்தா அழிஞ்சிடும்?” என்று சதை உறுமும்.

“வாயை மூடுங்க!” என்று பேராயி கரண்டியைத் தட்டுவாள். “நான் என்ன கல்லையா வடிச்சுப் போடுறேன்? சோறு போடுறேன், சோறு!”

வஞ்சி சிரிப்பாள். “அதுங்களுக்கு வேணுங்கிறதைக் கேக்குதுங்க. அதுங்களோட ஏம்மா மல்லுக்கு நிக்கிறே?”

வெள்ளிக்கிழமை பெண் கேட்டு வருவதாக வேலாத்தாள் ஆள் சொல்லி அனுப்பினாள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முதுகில் காதை வைத்துக் கேட்பது அன்றைய வழக்கம். உள்ளே முணுமுணுப்பு இருந்தால், தின்னக் கொடுக்காத வீடு என்று எழுந்து போய்விடுவார்கள்.

அடுப்படிச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அந்த நாளில் பல்லி மிகவும் மரியாதையாகப் பேசும்.

“அக்கா, ஒரு பொழுதுக்கு அந்தக் குரல்களை நான் வாயில வச்சுக்கிறேன். விருந்தாளிங்க போனதும் திருப்பிக் கொடுத்துடுறேன்.”

“புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாதுக்கா. நான் எதையும் மெல்லுறதே இல்லையே.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் வஞ்சி பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பல்லி இறங்கி வந்து தலைமாட்டில் நின்றது. பேராயி ஒரு கணம் தயங்கினாள். பிறகு, தன் கையாலேயே மகளின் பின்னலை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள். பல்லி அங்கே நாக்கை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தது. மூங்கில் சத்தம் நின்றது. வண்டுச் சத்தம் நின்றது. கொசுவும் கரகரப்பும் நின்றன. பல்லியின் தொண்டை புடைத்துத் துடித்தது. நாக்கின் பேச்சை மட்டும் அது தொடவில்லை. ஊமைப் பெண்ணை யார் கட்டுவார்கள்?

சாயங்காலம் வேலாத்தாள் வந்தாள். வஞ்சியின் முதுகில் காதை வைத்தாள். ஒரு பக்கம் கேட்டாள், மறுபக்கம் கேட்டாள்.

“என்ன அண்ணி இது! சின்னச் சத்தம்கூட இல்லையே! நிறைகுடம்னா இவதான். எங்க வீட்டுல என் மவன் உடம்பு போடுற கூச்சல்ல கூரை பிச்சுக்குது.”

பேராயி சிரித்தபடி வெல்ல உருண்டைத் தட்டை நீட்டினாள். வெல்லத்துக்கு ஒரு ஈ வந்தது. தட்டை விட்டு எழும்பிச் சுவரில் பல்லிக்கு எதிரே உட்கார்ந்தது. பேராயி பார்த்துக்கொண்டே இருந்தாள். நாத்தனார் முன்னால் கத்தவும் முடியவில்லை. பல்லி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து ஈயைக் கவ்வி விழுங்கியது. புடைத்திருந்த தொண்டை தட்டையானது.

வேலாத்தாள் போனதும் பேராயி சுவரிடம் ஓடினாள். “கொடு! என் புள்ளைக் குரலைக் கொடு!”

பல்லி வாயைத் திறந்தது. எல்லாக் குரலும் ஒன்றாக முட்டி மோத, “ச்ச்ச்ச்” என்று மட்டும் வந்தது. அதன் சொந்தப் பேச்சும் அதோடு போயிருந்தது.

வேலாத்தாள் சும்மா இருப்பாளா? பார்த்த இடமெல்லாம் வஞ்சியின் நிறைவைச் சொன்னாள். பல்லி செய்த வேலையும் வெளியே கசிந்தது. பெண் வைத்திருந்தவர்கள், பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் வீட்டுப் பல்லியைக் கூப்பிட்டார்கள். வேலாத்தாளும் மகன் பிடரியைக் காட்டினாள். ஒரு மாதத்துக்குள் ஊரில் எந்த உடம்பும் பேசவில்லை. சுவர்கள் மட்டும் பேசின.

வஞ்சி நன்றாகத்தான் தின்றாள். அவள் நாக்கு சோறு கேட்டது, வெல்லம் கேட்டது, வேறெதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அந்தியில், எரிகிற விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து கேட்டாள்.

“அம்மா, இன்னும் விளக்கு ஏத்தலையா?”

பேராயி ஓடி வந்தாள். மகளின் முதுகில் காதை வைத்தாள். ஆள் இல்லாத வீட்டின் நிசப்தமாக அது இல்லை. உள்ளே எல்லாரும் இருக்கிறார்கள், மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது போல இருந்தது.

மறுநாள் நெல் குதிருக்குப் பின்னால், சுவரில் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்குப் பள்ளம் இருப்பதைப் பார்த்தாள். பள்ளம் நிறைய நகக்கீறல். பக்கத்தில் வஞ்சி குந்தியிருந்தாள். உதட்டில் மண்.

“என்னடி பண்றே?”

“ருசியா இருக்கும்மா. யாரு கேக்குறாங்கன்னு தெரியலை. கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

தலைக்கு மேலே பல்லி “ச்ச்ச்ச்” என்றது. பேராயி தாவிப் பிடித்தாள். வால் மட்டும் கையோடு வந்தது. கீழே விழுந்து, எதையோ எழுதப் பார்ப்பது போல வெகுநேரம் துடித்து அடங்கியது.

அழுதுகொண்டே மகளின் முகத்து மண்ணைத் துடைத்தாள். துடைக்கிற அவசரத்தில் கட்டைவிரல் பட்டுக் கீழிமை இழுபட்டது. உள்பக்கம் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளரிக்காயை அரிந்தது போல வெளுத்திருந்தது. பேராயி அப்படியே நின்றாள். குரல் போன இரத்தம் தன் நிறத்தைக் காட்டிக் கேட்கிறது! அவசரமாக நகத்தைப் பார்த்தாள், குழிந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தாள், கடைவாய் வெடித்திருந்தது. குரல் போனவர்கள் ஆளாளுக்கு ஒரு மூலையில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டால் பிள்ளை போய்விடும். அதனால் எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்தாள். முருங்கைக்கீரை உருவி வந்தாள், பூசணி அரிந்தாள், பயறு அவித்தாள், கேழ்வரகைக் கடன் கேட்டு வாங்கிக் கூழ் காய்ச்சினாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊட்டினாள். நாக்கு முகம் சுளித்தது. அதை அவள் மதிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு அந்தியில் வஞ்சி, “விளக்கு புகையுதும்மா, திரியைத் தட்டு” என்றாள். பேராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று இரவே வேலாத்தாளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். வேலாத்தாள் பக்கத்தில் நின்ற மகனின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் வெளுப்பு. அவள் முகம் செத்துப்போயிற்று.

குரல்கள் மட்டும் திரும்பவே இல்லை. பிறகு பிறந்த பிள்ளைகளும் உள்ளே பேச்சில்லாமல்தான் பிறந்தன.

அன்று முதல்தான், பிள்ளை கொஞ்சம் வாடினாலும் பெற்றவள் முதலில் கீழிமையை இழுத்துப் பார்க்கிறாள், யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் சோற்றோடு நாலு விதம் வைக்கிறாள், அந்த நேரம் பார்த்துச் சுவரில் பல்லி சத்தமிட்டால், எடுத்த கரண்டியை அப்படியே நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்கிறாள்.