கொம்பில்லாத கூரியின் பயோடேட்டா

மூங்கில் காட்டில் கூரி என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடம்பு. குச்சி குச்சியாய்க் கால்கள். தலையில் கொம்பு கிடையாது; அந்த இனத்துக்கே கிடையாது. பயம் மட்டும் நிறைய இருந்தது. இலை உதிர்ந்தால் பயம். இலை உதிராமல் காடு அமைதியாக இருந்தால் அதைவிடப் பயம்.

அந்தக் கோடையில் பயப்படுவதற்குச் சரியான காரணமும் வந்து சேர்ந்தது. குட்டைகள் வற்றிவிட்டன. தண்ணீரைத் தேடிச் செந்நாய்க் கூட்டம் ஒன்று மலைமுகட்டுக்கு வந்துவிட்டது. ஏழோ எட்டோ இருக்கும். அவை வேட்டையில் குரைக்காது, விசில் அடிக்கும். இந்தப் பக்கம் ஒரு விசில் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் விசில் வரும். கூரியின் கணவன் போன வாரம் அந்த இரண்டு விசிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இப்போது கூரிக்கு மிச்சம் பிறந்து பத்தே நாளான ஒரு குட்டி. அதற்கு இன்னும் ஓடக்கூடத் தெரியாது.

இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் கரிச்சான் குருவி கிளை கிளையாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

"கேளுங்க, கேளுங்க! புலியம்மா வரிச்சியோட அப்பாவைப் பாத்துக்க ஆள் தேவை! குகையிலேயே தங்கணும்!"

வரிச்சியின் அப்பா கிழப்புலி. பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. வரிச்சி வேட்டைக்குப் போனால் அவருக்கு வாயில் தண்ணீர் விடக்கூட ஆள் இல்லை. வேலைக்கு வருபவர் மேலும், அவர் குடும்பத்தின் மேலும் எந்த நகமும் படாது, அதற்குத் தான் பொறுப்பு என்று வரிச்சி வாக்குக் கொடுத்திருந்தது. குகைக்குள் வற்றாத ஊற்று வேறு.

"ஆனா ஒண்ணு!" என்றது கரிச்சான். இப்போது அது வரிச்சியின் குரலிலேயே பேசியது. அந்தக் குருவிக்கு யார் குரலும் வரும். "இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் நல்ல வாய். ஒருத்தன் எங்கப்பாவுக்கு வெச்ச கறியைத் தின்னான். இன்னொருத்தன் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். அதனால வாய்ப்பேச்சு வேண்டாம். வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்குப் பயோடேட்டா எழுதி எடுத்துட்டு வரணும். அதுல ஒரே ஒரு பொய் இருந்தாலும் அன்னைக்கு நான் வேட்டைக்குப் போக வேண்டியதில்லை!"

கடைசி வாக்கியத்தின் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது. கூரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே புரிந்தது.

'புலிக் குகையா? நானா?' என்று நினைத்ததுமே அது இரண்டடி பின்வாங்கியது. அப்போது முகட்டில் ஒரு விசில். பள்ளத்தில் ஒரு பதில் விசில். குட்டி பாலை விட்டுவிட்டுத் தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டியது. செந்நாய்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, புலி கொடுத்திருக்கிறது என்று கூரி நினைத்துப் பார்த்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

காட்டில் எழுத்து வேலையெல்லாம் மரங்கொத்தி கொண்டையப்பனிடம்தான். மரப்பட்டையில் அலகால் கொத்தி எழுதிக் கொடுக்கும்.

"என்ன வேலைக்கு?" என்றது கொண்டையப்பன்.

"வரிச்சியம்மாவோட அப்பாவைப் பாத்துக்கிற வேலைக்குங்கண்ணே."

"அனுபவம் இருக்கா?"

"இருக்குண்ணே. முள்ளம்பன்றி பெரியம்மாவை ரெண்டு மழைக்காலம் பாத்துக்கிட்டேன். அவங்களுக்குக் கண்ணு தெரியாது. கிழங்கை நான் மென்னு அவங்க வாய்ல வெப்பேன். அப்புறம் கால் ஒடிஞ்ச மயில் ஒண்ணு, நாப்பது நாள்..."

"போதும், போதும்! கிழங்காம், மெல்லுறதாம்! இதையெல்லாம் எழுதினா யாரு படிப்பா? எடுப்பா இருக்கணும் தங்கச்சி! எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்த அலகு தெரியுமா இது?"

"பொய் இருந்தா தின்னுருவாங்களாமே அண்ணே..."

"பொய் வேற, எடுப்பு வேற!"

டொக் டொக் டொக்! கூரி அடுத்துக் கேட்ட கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டை முழுக்க எழுத்து. கூரி அதைப் படித்துப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்தவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான்; சருகுமானை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

வெள்ளிக்கிழமை வந்தது. வரிச்சியின் குகை இருந்த பாறைக்குக் கீழே ஒரு கொடிப்புதரில் குட்டியைப் படுக்க வைத்தது கூரி.

"அசையாதே கண்ணு. இருமக்கூடக் கூடாது. அம்மா வந்துடுறேன்" என்றது. வருவோமா என்று அதற்கே தெரியாது.

குகை வாசலில் வரிசை நின்றது. கூரிக்கு முன்னால் ஒரு நரி. பின்னால் ஒரு கரடி. நரி பட்டையை நீட்டி நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் வரிச்சியின் குரல் கேட்டது.

"'எந்த உயரத்திலிருந்தும் பறப்பேன்'னு எழுதியிருக்கே?"

"அம்மா! அது கொத்துப்பிழைங்க! ஆந்தைக்கு எழுதினதைப் பாத்து எனக்கும் கொத்திட்டாருங்க!"

"அப்போ பொய்!"

"இல்லைங்க, பொய் இல்லைங்க!"

"பொய் இல்லைன்னா, பற!"

பாறை விளிம்பிலிருந்து ஏதோ உருண்டது. வெகு கீழே சருகில் பொத்தென்று விழுந்தது. எழுந்து ஓடும் சத்தம் வருமா என்று வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வரவில்லை.

கரடி கூரியின் பக்கம் குனிந்தது. "தங்கச்சி," என்று கிசுகிசுத்தது, "உனக்கு யாரு எழுதிக் குடுத்தது?"

"கொண்டையப்பண்ணன்."

"ஐயையோ! எனக்கும் அவர்தான்!"

இரண்டும் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. 'நான் அஞ்சா நெஞ்சம் கொண்டவன். முதியோர் பலரை நன்றாகக் கவனித்து, ஒருவர் விடாமல் வழியனுப்பி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. என் இரு கொம்புகளின் வலிமையை இக்காடே அறியும்.'

"வழியனுப்பி வெச்சேன்னா, கொன்னுட்டேன்னு ஆயிடாதா?" என்றது கரடி.

"மயில் குணமாகிப் போச்சுன்னு சொன்னேன். அதை இப்படிக் கொத்தியிருக்காரு!" என்றது கூரி.

"'நன்றாகக் கவனித்து'ன்னு வேற இருக்கே! போன மாசம் என் மச்சானைத் தேனீங்கதான் நல்லாக் கவனிச்சுது. மூஞ்சி இன்னும் வீங்கிக் கெடக்கு! கடைசியில கொம்பு வேறயா? காட்டெருமைக்கு எழுதினதுபோல இருக்கு!" கரடி தன் தலையைத் தடவிப் பார்த்தது. பிறகு கூரியின் தலையைப் பார்த்தது. பட்டையைக் கீழே போட்டது. பின்னங்கால் பிடரியில் பட ஓடியே போய்விட்டது.

கூரியும் ஓடத்தான் திரும்பியது. அப்போது கேட்டது அந்த விசில். முகட்டிலிருந்து இல்லை. பாதிச் சரிவிலிருந்து. பதில் விசில் பாறைக்கு அடிவாரத்திலிருந்து வந்தது. அங்கேதான் புதர். புதருக்குள்ளேதான் குட்டி. இப்போது கீழே ஓடினால் செந்நாய்களுக்கு வழி காட்டியதாகத்தான் ஆகும்.

ஓட முடியாது. இந்தப் பட்டையோடு உள்ளே போகவும் முடியாது. கூரி பட்டையைப் பாறையில் வைத்துத் தேய்த்தது. அஞ்சா நெஞ்சம் போனது. கொம்பும் போனது. பட்டையைத் திருப்பிப் போட்டு, ஈரமான உட்புறத்தில் குளம்பு நுனியால் கிறுக்கத் தொடங்கியது. கால் நடுங்கியதில் எழுத்தெல்லாம் கோணல் மாணல்.

"அடுத்தது!" என்றது குகை.

வரிச்சி முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. ஒவ்வொரு பாதமும் கூரியின் தலையைவிடப் பெரிது. கூரி பட்டையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. வரிச்சி படித்தது.

'பெயர் கூரி. முள்ளம்பன்றி பெரியம்மாவை இரண்டு மழைக்காலம் பார்த்துக்கொண்டேன். கண் தெரியாதவர். கிழங்கு மென்று ஊட்டினேன். பிறகு அவர் இறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தேன். அவர் மகன் ஊசிப்பாறை வளையில் இருக்கிறார், கேட்கலாம். கால் ஒடிந்த மயிலை நாற்பது நாள் பார்த்துக்கொண்டேன். இப்போது நடக்கிறது, கொஞ்சம் நொண்டும். அத்திமரத்தடியில் கேட்கலாம். எனக்குப் பலம் இல்லை, யாரையும் தூக்க முடியாது. எனக்குப் பயம் அதிகம். ஒரு குட்டி இருக்கிறது.'

வரிச்சி தலையைத் தூக்கியது. "இறந்துட்டாருன்னு எழுதியிருக்கே. அதை எழுதினா வேலை குடுப்பேன்னு எப்படி நினைச்சே?"

"நினைக்கலைங்கம்மா. நடந்ததுங்க."

"கரிச்சான்! போய்க் கேட்டுட்டு வா!"

வாசல் கிளையில் உட்கார்ந்திருந்த குருவி பறந்தது. அது திரும்பி வரும்வரை கூரி புலியின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. மூச்சு விட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்தது. வெளியே விசில் நின்றிருந்தது. நெருங்கிவிட்டால் செந்நாய்கள் விசில் அடிப்பதை நிறுத்திவிடும். கூரிக்கு அது தெரியும். 'சீக்கிரம் வா குருவி, சீக்கிரம் வா' என்று உள்ளுக்குள் கதறியது.

அந்தக் கலவரத்திலும் அதன் மூக்கு சும்மா இருக்கவில்லை. குகையின் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. கூரிக்குப் பழக்கமான வாடை.

"அம்மா..." குரல் பாதிதான் வந்தது. "பெரியவர் ரொம்ப நாளா ஒரே பக்கமாப் படுத்திருக்காருங்களா?"

வரிச்சியின் காதுகள் நிமிர்ந்தன. "உனக்கு எப்படித் தெரியும்?"

"வாடை வருதுங்க. இடுப்புப் பக்கம் புண்ணு வெச்சிருக்கும். பெரியம்மாவுக்கும் வந்துச்சு. மாத்தி மாத்திப் புரட்டிப் படுக்க வெக்கணும், காஞ்ச புல்லை மெத்துன்னு அடியில போடணும். புல்லை நான் போட்டுருவேன். ஈ மொய்க்காம பாத்துக்குவேன். ஆனா புரட்ட எனக்குப் பலம் பத்தாதுங்க. அதை நீங்கதான் காலையிலயும் சாயங்காலமும் செய்யணும்."

வேலை கேட்டு வந்த இடத்தில் புலிக்கே வேலை சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கூரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

சிறகுச் சத்தம் கேட்டது. கரிச்சான் வந்துவிட்டது. முதலில் மயிலின் குரலில் பேசியது. "கூரியா? நல்லாப் பாத்துக்கும். ஆனா அதுக்குக் காத்தடிச்சாலும் பயம். அரை நாழிகைக்கு ஒருதரம் எழுந்து எம் மூச்சு வருதான்னு பாக்கும். தூங்கவே விடாது!"

அடுத்து வந்தது முள்ளம்பன்றியின் மகன் குரல். "எங்கம்மா உயிர் போறப்ப நான் பக்கத்துல இல்லீங்க. கூரிதான் இருந்துச்சு."

வரிச்சி உள்ளே திரும்பி இருட்டைப் பார்த்தது. அங்கிருந்து கிழப்புலியின் கரகரத்த குரல் வந்தது.

"யாரும்மா அது வாசல்ல? திங்கவா, பாத்துக்கவா?"

"பாத்துக்க வந்திருக்குப்பா" என்றது வரிச்சி. கூரியைப் பார்த்து, "இவ்வளவு பயந்தவ இங்க எப்படி வந்தே?" என்று கேட்டது.

"பயத்துலதாங்க வந்தேன். எங்குட்டி கீழே புதர்ல இருக்கு. செந்நாய்ங்க அடிவாரத்துக்கு வந்துட்டுதுங்க. விசில் நின்னு ரொம்ப நேரமாச்சுங்க!"

வரிச்சி எழுந்து நின்றது. "ஓடு! நான் பின்னாடி வரேன்!"

கூரி ஓடியது. பின்னால் புலி ஓடி வந்தது. புலி பின்னால் வருகிறது என்று தைரியப்பட்ட மான் அந்தக் காட்டில் அது ஒன்றுதான். புதருக்கு நாலடி தூரத்தில் செந்நாய்கள் அரை வட்டமாக நின்றன. முன்னால் நின்றது கொடியை மூக்கால் விலக்கிக்கொண்டிருந்தது. கூரியைக் கண்டதும் எல்லா முகங்களும் திரும்பின. "ஒண்ணுக்கு ரெண்டா!" என்று ஒன்று சிரித்தது. அப்புறம் கூரிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தது.

"அது என் வீட்டு ஆள்!" என்றது வரிச்சி.

அவ்வளவுதான். அரை வட்டம் கலைந்தது. சரிவெங்கும் ஓடும் கால்களின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

கூரி கொடியை விலக்கியது. குட்டி சொன்னபடி அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடந்த குட்டியைப் பார்த்ததும் கூரிக்கு உயிரே போய்விட்டது. மூக்கை அதன் நெஞ்சில் வைத்துப் பார்த்தது. மூச்சு வந்தது.

"அம்மா, இருமலாமா?" என்றது குட்டி.

"இருமு கண்ணு, இருமு!" கூரி வாய்விட்டு அழுதது.

குட்டிக்கு வேகமாக நடக்க வராது. இரண்டடி வைத்தால் ஒருமுறை உட்காரும். அதனால் அன்று அந்தப் பாறையில் மூன்று பேரும் மிக மெதுவாக ஏறினார்கள். குட்டி உட்கார்ந்தபோதெல்லாம் பின்னால் வந்த புலியும் நின்றது. மேலே போனதும் வரிச்சி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது. கூரி காய்ந்த புல்லைத் தேடிப் போனது.

யாரை எப்படிப் பார்த்துக்கொண்டோம், நம்மால் எது முடியாது என்பதை உள்ளது உள்ளபடி நம் கையாலேயே எழுதினால்தான், தன் வீட்டுப் பெரியவரை ஒருவர் நம்மிடம் நம்பி ஒப்படைப்பார்.