நானூறு 'நான் ஒருத்தன்'

ஆவரங்காட்டு ராஜா மகிபாலர் வாளைக் கண்டு பயந்ததே இல்லை. ஊசியைக் கண்டால் மட்டும் அவருக்குக் கை கால் ஓடாது.

போன கோடையில் அம்மை தெருத் தெருவாகப் புகுந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. இப்போது அரண்மனைத் தொட்டிலில் நாற்பது நாள் இளவரசன். எல்லைச் சண்டைக்குக் கிளம்பிய ராஜா, தாம்பூலப் பெட்டி சுமக்கும் விகடர் கூத்தபிரானை அழைத்தார். அம்மை வராமல் தடுக்க ஊசியால் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்திருக்கிறாராம். பச்சைக் குழந்தை மேல் ஊசியும் படக்கூடாது, அம்மையும் படக்கூடாது, பட்டால் உம் தலை தப்பாது என்றார்.

"ஆகட்டும் மகாராஜா. குத்திய தழும்பைக் கையில் காட்டாத யாரும் தொட்டில் அறைக்குள் நுழையக்கூடாது. அதற்கு மட்டும் ஓர் உத்தரவு வேண்டும்."

அவசரத்தில் ராஜா முத்திரை குத்திவிட்டுப் போனார்.

கூத்தபிரான் நேரே சந்தைக்குப் போய் ஊசி வேலையைத் தொடங்கினார். குழந்தை அரண்மனையில் இருக்க ஊசி சந்தையிலா என்று மந்திரிகள் சிரித்தார்கள். தாதிக்குப் பால்காரியிடமிருந்து ஒட்டும், பால்காரிக்கு அவள் தெருவிலிருந்து ஒட்டும், அம்மை என்ன அரண்மனைக் கதவைத் தட்டிக்கொண்டா வரும் என்று கேட்டார் அவர்.

இரண்டு மாதத்தில் ஊரார் கைகளில் எல்லாம் தழும்பு. நானூறு பேர் மட்டும் டிமிக்கி கொடுத்தார்கள். ஊரே குத்திக்கொண்ட பின் நான் ஒருத்தன் எதற்கு என்பதுதான் அத்தனை பேருக்கும் பதில். அந்த நேரம் பார்த்து வெளியூர் உப்பு வியாபாரி ஒருவன் அம்மையோடு வந்து சத்திரத்தில் தங்கினான். டிமிக்கி கொடுத்தவர்களில் இருவர் அம்மை கண்டு அங்கேயே படுத்தார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் குத்திக்கொண்டவர்கள். அதற்கு மேல் போக அம்மைக்கு ஆள் கிடைக்கவில்லை.

சண்டை முடிந்து வந்த ராஜா, பிள்ளையைப் பார்க்க ஓடினார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். ராஜா சட்டென்று தோளைக் காட்டினார்.

"அது வாள் தழும்பு மகாராஜா. உத்தரவில் அது இல்லை" என்றான் காவலன்.

ராஜா, வாசற்படிக்கு வெளியே நின்ற கூத்தபிரான் மேல் பாய்ந்தார். "ஊர் முழுக்கக் குத்தியாயிற்றே ஐயா. நான் ஒருத்தன் மிச்சமிருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?"

"சத்திரத்தில் படுத்த இருவரும் இதைத்தான் சொன்னார்கள். மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ராஜா கையை நீட்டினால் நாங்களும் நீட்டுகிறோம் என்கிறார்கள்."

உள்ளே குழந்தை அழுதது. பெற்ற மனம் கேட்குமா? ராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

புண் ஆறித் தழும்பாக இருபது நாளாயிற்று. அதற்குள் டிமிக்கிக்காரர்களும் வரிசையில் வந்து குத்திக்கொண்டார்கள். கொழுகொழுவென்றிருந்த மகனை ராஜா அள்ளி எடுத்தார், அழுதே விட்டார். பொற்கிழி கொடுக்கக் கூத்தபிரானை உள்ளே கூப்பிட்டார். அவர் படியைத் தாண்டவில்லை.

ராஜா கண்ணைச் சுருக்கினார். "எங்கே, உம் கையைக் காட்டும்."

கூத்தபிரான் மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நானூறு பேரும் என்ன சொல்லித் தப்புவார்கள் என்று அடியேனுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள் மகாராஜா?"

ராஜா சிரித்த சிரிப்பில் தொட்டில் ஆடியது. கூத்தபிரான் பொற்கிழியை வலக்கையால் மட்டும் வாங்கிக்கொண்டார். இடக்கை, அம்மை குத்துகிறவர் பிடியில் இருந்தது.