வேர்வீட்டைக் காத்த பழுப்பாயி

ஒரு ஊர்ல, கரிசக்காட்டு ஓரத்துல, ஒரு தட்டப்பயறுச் செடி இருந்துச்சாம். மண்ணுக்குள்ள வேர்தான் அதுக்கு வீடு. அந்த வீட்டு வாசல்ல பழுப்பாயின்னு ஒருத்தி காவல். வாழைத்தாரைப் பழுக்க வைக்குமே ஒரு மூச்சு, அதுதான் அவ. படிச்சவங்க எத்திலீன்னு சொல்லுவாங்க. கேக்குறியா? ம் சொல்லு.

முதல் மழைக்கு யாரோ வந்து தட்ட, அவ நம்பி, தடுக்காம இருந்துட்டா. வந்தது பூசணம். சுவரை மொடுக்குன்னு உடைச்சு உள்ள போக, பக்கவேர் ஒண்ணு அழுகியே போச்சு. அன்னையிலேர்ந்து யார் வந்தாலும் "உஸ்ஸ்"னு ஊதுவா, கதவு சாத்திக்கும்.

அப்புறம், விதையில கட்டிக்கொண்டுவந்த சோறு தீர்ந்துச்சு. இலையெல்லாம் மஞ்சளாச்சு. பசி தாங்காம வேர் மண்ணுல ஒரு வாசனையை விட்டுச்சு. அதை மோந்துக்கிட்டே குச்சியன்னு ஒரு பொடி உசுரு, படிச்சவங்களுக்கு பாக்டீரியா, வாசல்ல வந்து டொக் டொக். காத்தையே சோறாக்கித் தர்றேன்னான்.

உஸ்ஸ்.

உள்ள ஒரு தங்கச்சி, எழுப்பின்னு பேரு, படிச்சவங்களுக்கு சைட்டோகைனின். அவ தொட்டா தூங்குற அறையெல்லாம் முழிச்சு, ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அவசரக்காரி, விருந்தாளி வர்றதுக்குள்ள வீட்டைக் கட்டிட்டா. கொழுந்துலேர்ந்து, செடியை வளர்த்துவிடுற ஆக்சின் அண்ணன் இறங்கிவந்து, அதைப் புசுபுசுன்னு உருண்டையாக்கினான். உள்ள ஒண்ணுமில்ல. மிச்சமிருந்த தெம்பும் அதுலயே போச்சு.

"ஆளே வரல, உனக்குப் பந்தல் கேக்குதாடி?"ன்னா பழுப்பாயி.

"நீ விட்டாத்தானே வருவாங்க. செடி போனப்புறம் யாருக்குக்கா காவல் இருப்பே?"

அப்போ மறுபடி டொக் டொக். உஸ்ஸ். மேல ஒரு இலை பொத்துன்னு விழுந்துச்சு.

மூணாவது தடவை டொக் டொக். பழுப்பாயி ஊத வாயெடுத்தா, நிறுத்தினா. பூசணம் வந்தப்போ சுவர்தானே முதல்ல உடைஞ்சுது? இவன் ஒரு கீறல்கூடப் போடல. தட்டினான், காத்துக்கிட்டு நின்னான், அவ்வளவுதான்.

அவ மூச்சை அடக்கிக்கிட்டா. ம்?

வேர்முடி மெல்லச் சுருண்டு குச்சியனை அணைச்சுது. நூல் மாதிரி ஒரு வழி திறந்துச்சு. சர்ர்ர்னு வழுக்கிக்கிட்டே போய், காலியா கிடந்த உருண்டைக்குள்ள ஒண்ணு நூறாகிக் குடியேறினான். உள்ளெல்லாம் ரோஸ் நிறம். சொன்னபடி காத்தைச் சோறாக்கித் தந்தான், மேல இலை ஒவ்வொண்ணா பச்சை பிடிச்சுது.

அப்புறம் அவன் சொந்தக்காரங்க கூட்டம் கூட்டமா வாசல்ல நின்னாங்க. இலை மேலேயிருந்து சொல்லி அனுப்பிச்சு, சோத்துக்குப் பதிலா இத்தனை பேருக்குச் சர்க்கரை குடுக்க என்னால ஆகாது, போதும்னு. பழுப்பாயி மறுபடி மூச்சு விட்டா. வெளியில நிக்கிறவங்க மனசு நோகாம, உள்ள இருக்கிறவங்க தூக்கம் கெடாம, மெதுவா… உ…ஸ்…ஸ்.

கதை வேருக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. நீயும் படுத்துக்கோ.