அரணைக் குட்டியின் வால் எங்கே போனது?

குளக்கரை அத்திமரத்தில் செவந்தி என்றொரு மந்தி இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் துள்ளன்.

அந்தக் காட்டில் மழை வந்தால் கொப்புளக் காய்ச்சலும் கூடவே வரும். அதனால் முள்ளம்பன்றி வைத்தியர் முன்கூட்டியே மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு புது முள். காய்ச்சல் வராமலிருக்க, அதை மருந்தில் தோய்த்து ஒரே குத்து! அவர் உடம்பில் முள்ளுக்கா பஞ்சம்?

துள்ளனைத் தூக்கிக்கொண்டு செவந்தியும் கிளம்பினாள். மேலேயிருந்து காக்கை கரைந்தது.

"எங்கே மதினி, முள்ளு குத்தவா? ஐயையோ! நேத்து காலையில அரணைக் குட்டிக்குக் குத்தினாங்க. சாயங்காலம் வாலைக் காணோம்!"

"வாலையா?"

"என் ரெண்டு கண்ணாலே பார்த்தேன்!"

செவந்தி துள்ளனின் வாலைப் பிடித்துப் பார்த்தாள். வால் இல்லாத குரங்கு தாவினால் தொப்பென்று அல்லவா விழும்! விறுவிறுவென்று உச்சிக்கிளைக்கு ஏறிவிட்டாள்.

"இறங்கி வா தாயி! ஒரு நொடி வேலை!" என்று வைத்தியர் கூப்பிட்டார்.

"என் பிள்ளைக்கு வால் வேணும் ஐயா! இவ்வளவு உசரத்துக்குக் காய்ச்சல் எப்படி வரும்?"

"அதுக்கு மரம் ஏறவும் தெரியும் தாயி!"

மழை கொட்டியது. முள் குத்திக்கொண்ட குட்டிகளெல்லாம் சேற்றில் புரண்டு கூத்தடித்தன. ஒருநாள் காலையில் செவந்தி அடுத்த கிளைக்குத் தாவினாள். எப்போதும் அவள் வயிற்றை இறுகப் பற்றியிருக்கும் துள்ளனின் கை நழுவியது! சட்டென்று பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு கொதித்தது. முகமெல்லாம் கொப்புளம்.

வைத்தியரிடம் ஓடினாள்.

"ஐயா, இப்பவாவது குத்துங்க!"

"இனிக் குத்திப் பிரயோசனமில்லை தாயி. தண்ணி குடுத்துக்கிட்டே இரு. நானும் கூட இருக்கேன்."

இலையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அரணைக் குட்டி. செவந்தி பார்த்தாள். அதன் பின்னால் குட்டையாகப் புது வால்!

"அடே, உன் வால் முளைச்சிருச்சா?"

"எங்களுக்கு எப்பவும் முளைக்கும் அத்தை! யாராவது பிடிச்சா, வாலை விட்டுட்டு ஓடிருவோம்."

"அப்போ முள்ளு குத்தினதால போகலையா?"

"முள்ளா? என் வாலைக் கொத்தித் தின்னதே அந்தக் காக்காதான்!"

"அட பாவி! கண்ணால பார்த்தேன்னு சொன்னானே, வாயால தின்னதைச் சொல்லலையே!"

அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ராத்திரி பகலாகக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டார்கள். மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. ஒரு மத்தியானம் துள்ளனின் கை மறுபடி அவள் வயிற்றை இறுகப் பிடித்தது. அன்றைக்குத்தான் செவந்திக்குச் சோறு இறங்கியது.

அடுத்த மழைக்குள் துள்ளனுக்குத் தங்கச்சி பிறந்தாள். வரிசையில் முதல் ஆளாகச் செவந்திதான் நின்றாள். காக்கை மெல்லப் பக்கத்தில் வந்தது.

"மதினி, இந்தத் தடவை குத்தினா காது உதிருதாம்..."

"யார் காது? இப்போ அது உன் வயித்துலயா இருக்கு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. காக்கை பறந்தே போனது!

ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பயப்படுமுன் உண்மையை நேரில் போய் விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவதிப்படுவது நம் பிள்ளைதான்.