வேறு பெயர் உண்டா?

கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் சட்டென்று நின்றது. கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டில், வெளிநாட்டுக் குளிருக்கென்று மகளின் கோட்டுக் கையைக் குறுக்கிக்கொண்டிருந்த மனோரஞ்சிதம் தலையைத் திருப்பினாள். கணினிக்கு முன்னால் மகள் அபிரா அழுதுகொண்டிருந்தாள்.

அபிரா பிறந்தது கனடாவில். அந்த நாட்டு வழக்கப்படி தகப்பன் குகநேசன் தன் தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தார். அங்கே அவள் அபிரா சிற்றம்பலம். ஏழு வயதில் இங்கே கூட்டிவந்து இலங்கைக் குடியுரிமைக்கும் பதிந்தார்.

"தகப்பன்ரை பேர்தானே ஐயா முன்னுக்கு வரும்?" என்றார் பதிவுக் கந்தோரில் இருந்த எழுதுவினைஞர். இங்கே அவள் குகநேசன் அபிரா.

"ரெண்டு பாஸ்போட் வைச்சிருக்கிறவளுக்கு என்ன குறை?" என்று சொந்தக்காரர் நெடுக நக்கலடித்தார்கள்.

வளர்ந்தபின் அவள் ஆசைப்பட்டது கனடாவில் ஒரு வணிகக் கல்லூரி. அந்நாட்டுக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடம். நுழைவுத் தேர்வு நேரம் கனடாக் கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டி எழுதினாள். நல்ல புள்ளி. பிறகு கனடாக் கடவுச்சீட்டை வைத்து விண்ணப்பம். அதில் ஒரு கேள்வி: 'உமக்கு வேறு பெயர் உண்டா?' யோசிக்காமல் 'இல்லை' என்று போட்டாள்.

இடம் கிடைத்தது. அடுத்த கிழமை கடிதம் வந்தது: இந்தப் புள்ளி குகநேசன் அபிரா என்ற வேறு யாருடையதோ, விளக்கம் தருக.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று குகநேசன் சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப எடுத்தார்.

"அப்ப நான் 'இல்லை' எண்டு போட்டது, அப்பா?"

"உண்மையைச் சொல்ல என்ன பயம், பிள்ளை."

இன்று வந்த பதில்: 'நீர் அவர் இல்லையென்றால் உமக்குப் புள்ளி இல்லை. நீரே அவரென்றால் விண்ணப்பத்தில் பொய் எழுதியிருக்கிறீர். இடம் ரத்து.'

பாட்டன் பெயரைக் கொடுத்த தகப்பன், தகப்பன் பெயரை எழுதிய எழுதுவினைஞர், 'இல்லை' என்று போட்ட மகள். சொல்லுங்கள், இந்த மூவரில் பொய் எழுதியவர் யார்?

விடை: ஒருவரும் இல்லை. அவளுக்குப் பெயர் ஒன்றுதான், அபிரா. ஒரு கடவுச்சீட்டில் பக்கத்தில் நிற்பது பாட்டன், மற்றதில் தகப்பன். அவள் எழுதியதும் உண்மை, தகப்பன் சத்தியம் பண்ணியதும் உண்மை. இரண்டு உண்மையும் ஒரே கோப்புக்குள் போனபோது இடம் போய்விட்டது. இந்த விடையை யாருக்கு அனுப்பினாலும் இடம் திரும்பி வராது.

மனோரஞ்சிதம் கோட்டை மடித்து வைத்தாள். கீழ்வீட்டுக்காரியின் சாரிச் சட்டையை எடுத்து ஊசிக்கடியில் வைத்து, மெசினை மிதிக்கத் தொடங்கினாள்.